நிக்கோடீமஸ்: ஃபிளெட்சர் வீட்டுக் கதை

வணக்கம் மக்களே. காத்து பயங்கரமா அடிக்குது, மைக்ல இரைச்சல் வந்தா கொஞ்சம் பொறுத்துக்கோங்க. கன்சாஸ் மாநிலத்தோட வடமேற்குப் பக்கம், கிரஹாம் கவுண்டியில நிக்கிறேன். ஊர் பேரு நிக்கோடீமஸ். அடிமைத்தனத்துலேருந்து வெளிய வந்த கறுப்பின மக்கள் 1877-ல உருவாக்கின ஊர்.

இந்தா, பின்னாடி தெரியுதுல்ல, அந்தச் சுண்ணாம்புக்கல் வீடு. அதுதான் செயின்ட் ஃபிரான்சிஸ் ஹோட்டல். ஹோட்டல்னதும் பெருசா நினைச்சுக்காதீங்க, ஒரு வீடு, அவ்வளவுதான். 1880 வாக்குல ஜக்கரி ஃபிளெட்சர் கட்டினது. அவர் மனைவி ஜென்னி, ஊரோட முதல் டீச்சர். தபால் வேலை, பள்ளிக்கூடம், வர்றவங்களுக்குத் தங்க இடம், எல்லாம் இந்தக் குடும்பத்தைச் சுத்தித்தான் நடந்திருக்கு.

ஹோம்ஸ்டெட் சட்டம்னா, குடியேறி உழுறவங்களுக்கு அரசாங்கம் நிலம் கொடுக்கிற சட்டம். 1862-ல வந்தது. 160 ஏக்கர் அரசாங்க நிலம். ஃபீஸ் எல்லாம் சேர்த்து 18 டாலர். அஞ்சு வருஷம் அங்கேயே குடியிருந்து, வீடு கட்டி, உழுது காட்டணும். ரெண்டு சாட்சி வந்து "ஆமா, இவர் இங்கதான் இருந்தார்"னு சொல்லணும். அப்புறம்தான் பட்டா.

கேக்க நல்லாத்தான் இருக்கு. கென்டக்கி மாநிலத்துல லெக்ஸிங்டன் பக்கம் ஒட்டின நோட்டீஸ்லயும் அப்படித்தான், அஞ்சு டாலர் கட்டினா கன்சாஸ் போகலாம்னு போட்டிருந்தாங்க. அங்கேருந்து மக்கள் நம்பிக் கிளம்பி வந்தாங்க. எல்லிஸ்ங்கிற ஊர்ல ரயிலை விட்டு இறங்கி, அங்கேருந்து ரெண்டு நாள் பயணம். வந்து பார்த்தா ஊரே இல்ல! தரையிலேருந்து புகை வருதாம். என்னன்னா, முன்னாடி வந்தவங்க மண்ணைத் தோண்டி உள்ள குடியிருக்காங்க. மரமே இல்லாத புல்வெளி, பலகைக்கு எங்க போறது? வில்லியானா ஹிக்மன்னு ஒரு அம்மா, அதைப் பார்த்து அழுதுட்டேன்னு பின்னாடி சொல்லியிருக்காங்க. முதல் குளிர்காலத்துல ஓசேஜ் பழங்குடி மக்கள் சாப்பாடு கொடுத்து உதவியிருக்காங்க. சில குடும்பங்கள் வந்த வேகத்துல திரும்பிடுச்சு. ஃபிளெட்சர் குடும்பம் போகல.

எனக்கு இதுல ஜென்னிதான் பெரிய ஆளாத் தெரியறாங்க. அதுக்குக் கொஞ்ச வருஷம் முன்னாடி வரைக்கும் தென் மாநிலங்கள் பலதுல அடிமைக்கு எழுத்து சொல்லித் தர்றதே குற்றம். இங்க ஒரு கறுப்பினப் பெண் பிள்ளைங்களை உட்கார வச்சுப் பாடம் நடத்துறாங்க. ஆனா புருஷன் இருக்கிற பொம்பளை தன் பேர்ல ஹோம்ஸ்டெட் நிலம் கேக்க முடியாது. கல்யாணம் ஆகாதவங்க, விதவைங்க கேக்கலாம். அதனால நில ரெக்கார்டை மட்டும் தோண்டிக் குடும்ப வரலாறு தேடினா, கிடைக்கிறது பெரும்பாலும் ஆம்பளைங்க கதைதான். உங்க வீட்டுப் பழைய பத்திரத்தையும் எடுத்துப் பாருங்களேன்.

1888-ல ரயில் பாதை ஆத்துக்கு அந்தப் பக்கமாப் போயிடுச்சு. கடைக்காரங்க எல்லாம் போக்-னு ஒரு ஊருக்கு மாறிட்டாங்க. இங்க ஆள் குறைஞ்சுகிட்டே வந்தது.

இந்த வீடு அப்புறம் ஃபிளெட்சர் சொந்தத்துல வந்த ஃப்ரெட் ஸ்விட்சர், அவர் மனைவி ஓரா கைக்கு வந்தது. ஸ்விட்சர் பேரை ஃபுட்பால் பார்க்கிறவங்க கேள்விப்பட்டிருப்பீங்க. நம்ம கால்பந்து இல்லைங்க, அமெரிக்கன் ஃபுட்பால். இதே ஊர்ல பிறந்த வெரில் ஸ்விட்சரை 1954-ல கிரீன் பே பேக்கர்ஸ் டீம், புது ஆட்டக்காரங்களைத் தேர்ந்தெடுக்கிறப்ப முதல் சுற்றுலயே எடுத்தாங்க. அப்புறம் கன்சாஸ் ஸ்டேட் யுனிவர்சிட்டியில நிர்வாகப் பொறுப்புல இருந்தார். டீச்சர் வீட்டு வழி பாருங்க, சுத்தி மறுபடியும் படிப்புக்கே வந்திருக்கு.

1996-லேருந்து இந்த ஊர் தேசிய வரலாற்றுத் தலம். வருஷா வருஷம் ஜூலை கடைசி வாக்குல வம்சாவளிக்காரங்க நாடு முழுக்க இருந்து வந்து கூடுவாங்க. நீங்க வர்றதா இருந்தா அந்தச் சமயத்துல வாங்க, கதை சொல்ல ஆள் இருப்பாங்க. ரூம் மட்டும் பக்கத்துல ஹில் சிட்டியில முன்னாடியே போட்டுடுங்க. இந்த ஹோட்டல்ல இப்ப ரூம் கிடைக்காது!