நோட்டில் 110, மீட்டரில் 240

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

‘சர்க்கரை நோயாளிக்கு முதல் தேவை கட்டுப்பாடா, மனத்துணையா?’ என்பது இன்றைய வழக்கு. எதிரணித் தலைவர் ஐயா, “வாயைக் கட்டு, காலாற நட, மாத்திரையை மறக்காதே, மனசு தானா வழிக்கு வரும்” என்று சொல்லிக் கைதட்டல் வாங்கினார். அதில் ஒரு சொல்லும் தவறில்லை. இந்த அரங்கில் அது தெரியாதவர் யார்? தெரிந்தும் ஏன் நடப்பதில்லை என்பதுதானே கேள்வி!

தினமும் சர்க்கரை அளவைக் குறித்து டாக்டரிடம் காட்டும் ஒரு நோட்டைப் பிரித்துப் பாருங்கள். 110, 120, 115, 120. ஒரு மாதக் கணக்கும் ஒரே மை, ஒரே சாய்வு. முந்தின ராத்திரி ஒரே மூச்சில் எழுதியது. பக்கத்தில் கிடக்கும் குளுக்கோமீட்டரில் பழைய அளவுகளைத் தட்டினால் 240, 198, 262. நடுவே பத்து நாள் வெறுமை. மூன்று மாத நிலவரம் சொல்லும் எச்பிஏ1சி ரத்தப் பரிசோதனையிலும் 9.4, அதுவும் அதிகம்தான். இந்தப் பொய் டாக்டரை ஏமாற்ற அல்ல. திட்டு வாங்காமல் வீடு திரும்ப. விளைவு என்ன? எந்த வேளையில் ஏறுகிறது என்று தெரியாமல், எந்த வேளை மருந்தைக் கூட்டுவார் டாக்டர்?

இப்படிப் பொய் எழுத வைக்கும் பாரத்துக்கு நீரிழிவு மனச்சுமை என்று பெயர். மனச்சோர்வு நோய் வேறு. அதில் இரண்டு வாரத்துக்கு மேல் எதிலுமே பிடிப்பிருக்காது. மனச்சுமைக்காரருக்குப் பேரன் பிடிக்கும், டிவி பிடிக்கும்; ஊசியையும் ஸ்ட்ரிப்பையும் கண்டால் மட்டும் வெறுப்பு வரும். இரண்டையும் குழப்பினால் வைத்தியமும் தடம் மாறும். சுமையை அளக்க ‘பெய்ட்’ என்ற 20 கேள்வித் தாள் உண்டு. 100-க்கு 40 தொட்டால் கவனிக்க வேண்டும். அதற்கும் நேரமில்லையா? இரண்டே கேள்வி கேளுங்கள். இந்த நோயோடு வாழ்வது மலைப்பாக இருக்கிறதா? பத்தியத்தில் தோற்றுக்கொண்டே இருப்பதாகத் தோன்றுகிறதா?

சோர்வெல்லாம் மனசுதான் என்றும் நாங்கள் சொல்லவில்லை. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைப் பல வருடம் சாப்பிடுபவருக்கு வைட்டமின் பி12 குறையலாம்; தைராய்டும் சோர்வு தரும். ரத்தப் பரிசோதனை செய்துவிட்டுப் பேசுவோம்.

அடுத்தது பயம். படபடப்பு, வியர்வை, கைநடுக்கம்: சர்க்கரை இறங்கினாலும் இதுதான், பயந்தாலும் இதுதான். ஊகிக்காமல் விரலைக் குத்திப் பார்க்க வேண்டும். 70-க்குக் கீழே என்றால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். மீட்டர் கையில் இல்லையென்றால் சர்க்கரைதான் முதலில். 130 காட்டினால் பெரும்பாலும் பயம்தான். உட்கார்ந்து நிதானமாக மூச்சு விட்டால் அடங்கும். ஒரு ராத்திரி சர்க்கரை இறங்கி நடுங்கியவர், மறுநாளிலிருந்து யாரிடமும் சொல்லாமல் இன்சுலினில் இரண்டு யூனிட் குறைக்கிறார், படுக்கும்முன் நாலு பிஸ்கட் தின்கிறார். காலையில் 220. ஐயா, இவரையா நாக்கு அடங்காதவர் என்கிறீர்கள்?

நீங்கள் சொல்லும் கட்டுப்பாடு கல்யாணப் பந்தியில் எப்படி வருகிறது தெரியுமா? “மாமாவுக்கு சுகராச்சே!” என்று பந்தி முழுக்கக் கேட்கச் சொல்லி, மைத்துனர் பாயாசக் கப்பை இலையிலிருந்து தூக்கிவிடுகிறார். மாமா சிரிக்கிறார். ராத்திரி பதினோரு மணிக்கு, விளக்குப் போடாத சமையலறையில், தூக்குவாளியோடு நின்று குடிக்கிறார். இலையில் இருந்தது அரை கப். வாளிக்கு அளவு ஏது?

வீட்டார் கேட்க வேண்டியது இவ்வளவுதான்: “நான் எதை ஞாபகப்படுத்தணும், எதைப் பேசாம இருக்கணும்?” அவருக்கென்று தனிச் சமையல் வேண்டாம், அவர் தட்டில் விழும் காய் எல்லார் தட்டிலும் விழட்டும். ‘வாழவே பிடிக்கலை’ என்ற பேச்சு வந்தால் மட்டும் காத்திருக்காதீர்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசி டெலி மானஸ், எண் 14416. இரவு பகல் எந்நேரமும், தமிழிலேயே பேசலாம்.

டாக்டர்களுக்கும் ஒரு விண்ணப்பம். “ஏன் ஏறிச்சு?” என்ற கேள்விக்கு நோட்டு பொய் சொல்லும். “இந்த மாசம் எது கஷ்டமா இருந்துச்சு?” என்று கேட்டால், அடுத்த முறை நோட்டில் 240 எழுதிக் கொண்டுவருவார்.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். அடுத்து வரும் எதிரணி நண்பரிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன்: ஒரே மையில் 110 எழுதிய அந்த நோட்டை, உங்கள் கட்டுப்பாட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வதாக உத்தேசம்?