பிரவுசரைத் தொட்டால் ஹேங்

நேயர்களுக்கு வணக்கம். நான் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருப்பவன். என் போனுக்கு அடிக்கடி வரும் புகார் ஒன்று உண்டு. "அண்ணே, சிஸ்டம் நல்லாத்தான் ஆன் ஆகுது. பிரவுசரைத் திறந்தா மட்டும் அப்படியே நின்னுடுது." சொன்ன கையோடு வைத்தியத்தையும் அவர்களே சொல்லிவிடுவார்கள்: "வைரஸ்தானே? ஃபார்மட் பண்ணிடலாமா?"

பண்ணலாம். அதற்கு முன்னால் மூன்று கேள்வி கேட்பேன். ஹேங் ஆகி நிற்கும்போது மவுஸ் அம்பு நகருகிறதா? கேப்ஸ் லாக்கை அமுக்கினால் கீபோர்டில் இருக்கும் அந்தக் குட்டி விளக்கு எரிந்து அணைகிறதா? சிபியு என்று நாம் சொல்கிற பெட்டியின் முகப்பில் ஹார்டு டிஸ்க் விளக்கு என்ன செய்கிறது? "அதையெல்லாம் யாருண்ணே பார்த்தா" என்பதுதான் வழக்கமான பதில்.

நானும் பார்க்காமல் போய் மாட்டியவன்தான். ஒரு ஜெராக்ஸ் கடைக்காரர். ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக் கொடுப்பதுதான் அவருக்கு முக்கிய வருமானம். கடைசித் தேதி நெருங்கினால் வாசலில் வரிசை நிற்கும். அந்த நேரம் பார்த்து, பிரவுசரைத் திறந்தால் மொத்த மெஷினும் உறைந்து போனது. அவரே பிரவுசரை நீக்கிவிட்டு மறுபடி போட்டுப் பார்த்திருக்கிறார். மாற்றமில்லை. நான் போய்ப் பார்த்தேன். வேலை நடக்கும்போது தகவலைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் ரேம் 4 ஜிபிதான். அவ்வளவுதான், ரேம் போதவில்லை என்று தீர்ப்பு எழுதிவிட்டேன்.

அந்தத் தீர்ப்பிலும் நியாயம் இருந்தது. குரோம் 2008-ல் வந்தபோதே டேப்களைத் தனித்தனி புராசஸாக, அதாவது தனித்தனி புரோகிராம் போல ஓட்டும் முறையோடு வந்தது. ஒரு டேப் கவிழ்ந்தாலும் மற்றவை பிழைத்துக்கொள்ளும் என்பது லாபம். ஒவ்வொன்றும் தன் பங்குக்கு ரேமைத் தின்னும் என்பது நஷ்டம். இன்று மற்ற பிரவுசர்களும் ஏறக்குறைய இப்படித்தான். போதாக்குறைக்கு, நேற்று பிரவுசரை மூடும்போது திறந்திருந்த டேப்களை எல்லாம் இன்று தானாகத் திறக்கும்படி செட்டிங் இருந்தால், பிரவுசரைத் திறந்த அடுத்த நொடியே முப்பது பக்கங்கள் ஒன்றாக எழுந்து வரும். ரேம் நிறைந்ததும் மீதியை விண்டோஸ் ஹார்டு டிஸ்கில் இறக்கி வைக்கும். ரேமின் வேகத்துக்கு டிஸ்க் எங்கே ஈடு கொடுப்பது? மெஷின் திணறும்.

சரி என்று இன்னொரு 4 ஜிபி போட்டேன். காசு வாங்கினேன். மூன்றாம் நாள் போன்: "தம்பி, மறுபடியும் நின்னுடுச்சு."

முதல் நாளே செய்திருக்க வேண்டியதை அன்றுதான் செய்தேன். மெஷினை ரீஸ்டார்ட் செய்து, பிரவுசரைத் தொடும் முன்பே கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அமுக்கி ரேம், டிஸ்க் எல்லாம் எவ்வளவு வேலை செய்கின்றன என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்தேன். ஹேங் ஆன பிறகு அது திறக்காது, அதனால்தான் முதலிலேயே. அப்புறம் பிரவுசரை கிளிக் செய்தேன். மவுஸ் நகர்ந்தது. ரேம் பாதிகூட நிறையவில்லை. டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் நின்றது. அதற்குக் கீழே பார்த்தால், டிஸ்கிலிருந்து படிக்கும் வேகம் கிட்டத்தட்ட பூஜ்யம். கிணற்றில் வாளியை விட்டு இழு இழு என்று இழுக்கிறான், தண்ணீர் மட்டும் மேலே வரவில்லை. பெட்டியின் சிவப்பு விளக்கு சிமிட்டாமல் ஒரே சீராக எரிந்தது. பக்கத்தில் காதை வைத்தேன். டிக்... டிக்... டிக்.

ஹார்டு டிஸ்க் சாகப் போகிறது. விண்டோஸ் தன் கோளாறுகளைக் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவரைத் திறந்தால் அங்கே டிஸ்க் என்ற பெயரில், 7 என்ற எண்ணோடு வரிசையாகப் பதிவுகள். பேட் பிளாக், அதாவது டிஸ்கில் கெட்டுப்போன இடம் இருக்கிறது என்று அது பல நாளாகச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது.

அப்படியானால் பிரவுசரைத் திறக்கும்போது மட்டும் ஏன்? பிரவுசர் நம் ஹிஸ்டரி, குக்கி, கேஷ் என்று நாம் பார்த்த பக்கங்களின் தடயங்கள் எல்லாவற்றையும் புரொஃபைல் என்ற ஒரு ஃபோல்டரில் சேர்த்து வைக்கிறது. திறந்தவுடன் அதைத்தான் படிக்கப் போகும். டிஸ்கில் பழுதான இடம் சரியாக அந்த ஃபோல்டரின் அடியில் இருந்தது. அந்த ஃபோல்டரைக் காப்பி எடுத்தபோது பச்சைக் கோடு ஒரு ஃபைலில் வந்து அப்படியே நின்றதில் இது உறுதியானது. பிரவுசரை நீக்கினாலும் அந்தப் புரொஃபைல் ஃபோல்டர் பொதுவாக அழிவதில்லை. அவர் எத்தனை முறை நீக்கிப் போட்டிருந்தாலும் பலன் இருந்திருக்காது.

இந்த நிலையில் பலர் உடனே, டிஸ்கைச் சோதித்துப் பழுது பார்க்கும் செக் டிஸ்க் போடுவார்கள். நான் போட மாட்டேன். நொண்டுகிற டிஸ்கை முழுக்க ஓடவிட்டால் நடுவழியில் படுத்துவிடலாம். முதலில் போட்டோ, கணக்கு, ஸ்கேன் செய்த சான்றிதழ்கள் எல்லாவற்றையும் வெளியே எடுக்க வேண்டும். பவர் பட்டனை அமுக்கிப் பிடித்து அணைக்கிற பழக்கமும் அந்த நேரத்தில் வேண்டாம். அவருக்கு எல்லாவற்றையும் காப்பி எடுத்துவிட்டு, ஹார்டு டிஸ்குக்குப் பதிலாக அதைவிட வேகமான எஸ்எஸ்டி மாற்றினேன்.

மவுஸும் நகராமல், கேப்ஸ் லாக் விளக்கும் மாறாமல் நின்றால் அது வேறு வியாதி. பக்கத்தைத் திரையில் வரைய பிரவுசர் கிராஃபிக்ஸ் சிப்பின் உதவியைக் கேட்கிறது. அந்தச் சிப்பை இயக்கும் டிரைவர் என்ற மென்பொருள் கோளாறாக இருந்தால் அங்கேயே மொத்தமும் முடங்கும். விண்டோஸ் 10, 11-ல் விண்டோஸ் கீ, கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கையும் சேர்த்து அமுக்கிப் பாருங்கள். திரை ஒரு முறை சிமிட்டி உயிர் வந்தால் கிராஃபிக்ஸ் டிரைவர் மேல்தான் சந்தேகம். உயிர் வரவில்லை என்றால், அடிப்படை டிரைவர்கள் மட்டும் ஓடும் சேஃப் மோடில், இன்டர்நெட்டோடு, பிரவுசரைத் திறந்து பாருங்கள். அங்கே ஒழுங்காக ஓடினாலும் அதே சந்தேகம்தான். டிரைவரைப் புதிதாகப் போடலாம், அல்லது பிரவுசர் செட்டிங்கில் கிராஃபிக்ஸ் ஆக்சிலரேஷனை அணைத்து வைக்கலாம். உள்ளே தூசியும் ஒரு கை பார்த்துவிடுங்கள்.

மெஷின் நன்றாக இருந்து பிரவுசர் ஜன்னல் மட்டும் வெளுத்துப்போய் நின்றால் பயமே இல்லை. பிரவுசரில் கூடுதலாகச் சேர்த்த எக்ஸ்டென்ஷன் ஏதாவது ஒன்றின் வேலையாக இருக்கும். ஃபயர்ஃபாக்ஸ் என்றால் ஷிஃப்டை அமுக்கிக்கொண்டே திறந்தால் எக்ஸ்டென்ஷன் இல்லாமல் திறக்கட்டுமா என்று கேட்கும். இரண்டு ஆன்டிவைரஸ் போட்டு, இரண்டும் ஒரே ஃபைலுக்கு அடித்துக்கொள்வதையும் பார்த்திருக்கிறேன்.

ஜெராக்ஸ் கடைக்காரரிடம் எஸ்எஸ்டி பில்லை நீட்டினேன். வாங்கிப் பார்த்தார். "எல்லாம் சரி தம்பி, அந்த ரேம் காசு?" என்றார். சர்வீஸ் சார்ஜ் என்று எழுதியிருந்த வரியைப் பேனாவால் அடித்துக் கொடுத்தேன். டீ அவர் செலவு.