கூடையை யார் இறக்கிவைப்பது?

(கும்பகோணத்தில் கட்டடப் பொறியாளர்கள் கூட்டமொன்றில் பேசியது, பேச்சை ஒட்டி எழுதிக்கொண்டது.)

விழாத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் மாமன்ற உறுப்பினர் அவர்களே, மண்டபத்தை வாடகை வாங்காமல் திறந்துவிட்ட அய்யா அவர்களே, எனக்குப் போர்த்திய சால்வையைவிடக் கனமான வார்த்தைகளால் என்னை அறிமுகம் செய்த பேராசிரியர் அவர்களே, சுவாமிமலையிலிருந்து வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஸ்தபதி பெரியவர்களே, எனக்கு அடுத்துப் பேச வேண்டியவர் வராததால் தைரியமாக இருக்கும் நன்றியுரை அய்யா அவர்களே, தாய்மார்களே, வணக்கம்.

யார் பெயராவது விட்டுப்போயிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பெயர் விடுபடுவதைப் பற்றித்தான் இன்றைக்கே பேசப்போகிறேன்.

தீவிரவாதத்துக்குப் பலியானவர்களுக்கு நினைவிடம் எப்படிக் கட்டுவது என்பது எனக்குக் கொடுத்த தலைப்பு. முப்பத்தொரு வருஷம் வரைபடம் போட்டவன் நான். மூன்று விஷயம் சொல்வேன்: இடம், பெயர், பராமரிப்பு. அதற்கு முன்னால் நான் எந்த மேடையிலும் சொல்வதைச் சொல்லிவிடுகிறேன். ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும். திருவாரூர்க்காரர் யாராவது இருந்தால் தலையாட்டுங்கள்.

முதலில் இடம். நியூயார்க்கில் 2001 செப்டம்பர் 11 அன்று இரட்டைக் கோபுரங்கள் விழுந்தன அல்லவா? அவை நின்ற இடத்திலேயே இரண்டு குளம் வெட்டியிருக்கிறார்கள். ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட ஒரு ஏக்கர், நம் கணக்கில் மூன்று மா. நான்கு பக்கமும் தண்ணீர் விழும். நடுவில் இன்னொரு சதுரப் பள்ளம், அதற்குள் இறங்கிக் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். எவ்வளவு விழுந்தாலும் நிரம்பாத குளம்! ஆடிப்பெருக்குக்குப் படித்துறையில் நின்று பழகிய நமக்கு அது வயிற்றைப் பிசையும்.

அதற்குப் போட்டி வைத்தார்கள். 5,201 வடிவங்கள் வந்தன. 2004-இல் தேர்வானவர் மைக்கேல் அராட், மாநகர வீட்டுவசதி ஆணையத்தில் வேலை பார்த்த முப்பத்து நான்கு வயதுக்காரர். தோட்டம், திடல் வடிவமைக்கும் பீட்டர் வாக்கரும் அவரோடு சேர்ந்துகொண்டார். பெயர்களை நிலத்துக்குக் கீழே, அருவிக்குப் பின்னால் வைப்பதுதான் முதல் திட்டம். செலவு, பாதுகாப்பு என்று கேள்வி வந்தது, பெயர்கள் மேலே வந்துவிட்டன. வரைந்தவருக்கு வருத்தம் இருந்திருக்கும். ஆனால் மேலே வந்ததுதான் நல்லது என்பேன். கிழவி ஒருத்தி படியிறங்காமல் மகன் பெயரைத் தடவிப் பார்க்க முடிகிறது.

சரி, பெயர். அங்கே 2,983 பெயர்கள், 1993-இல் அதே இடத்தில் வெடித்த குண்டுக்குப் பலியான ஆறு பேரும் அதில் சேர்த்தி. வெண்கலத் தகட்டைத் துளைத்து எழுத்து வெட்டியிருக்கிறார்கள். ராத்திரியில் உள்ளிருந்து வெளிச்சம் வரும். பிறந்த நாள் வந்தால் அந்த எழுத்துத் துளையில் ஒரு வெள்ளை ரோஜாவைச் செருகுகிறார்கள். நினைவு நாளுக்கு இல்லை, பிறந்த நாளுக்கு. பெயர்கள் அகர வரிசையிலும் இல்லை. இவர் பக்கத்தில் அவர் வேண்டும் என்று குடும்பத்தார் 1,200-க்கும் மேல் வேண்டுகோள் கொடுத்து, அதன்படி அடுக்கினார்கள். நம் வீட்டுக் கல்யாணத்தில் ஒரு பந்திக்கு ஆள் உட்காரவைக்கவே சம்பந்திச் சண்டை வருகிறது. மூவாயிரம் பேரை உட்காரவைத்திருக்கிறார்கள். அதனால்தான் சொல்கிறேன், ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும்.

லண்டனில் 2005 ஜூலை 7 குண்டுவெடிப்பில் இறந்த 52 பேருக்கு ஹைட் பூங்காவில் 52 எஃகுத் தூண்கள் நிற்கின்றன. வார்த்தெடுத்தவை, ஒன்றுபோல் ஒன்று இருக்காது. ஸ்தபதி அய்யாவுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மெழுகு உருகி ஓடி, அச்சை உடைத்தால்தான் சிலை வெளியே வரும். அதே அச்சில் இன்னொன்று கிடையாது. மனிதனும் அப்படித்தானே. அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் குண்டுவெடிப்பில் இறந்தவர்களுக்கு 168 நாற்காலிகள். அதில் பத்தொன்பது சின்ன நாற்காலி, குழந்தைகளுக்கு. அதற்கு மேல் என்னால் சொல்ல முடியவில்லை. காசிராமன் தெருவில் ஒவ்வொரு ஜூலை 16-ம் பூவோடு நிற்கும் பெற்றோரை, பள்ளிக்கூடத் தீயில் போன 94 பிள்ளைகளின் பெற்றோரைப் பார்த்த ஊர் இது. அது தீவிபத்து, இது பயங்கரவாதம், வேறு வேறுதான். ஆனால் சின்ன நாற்காலி ஒரே அளவுதான்.

நம் பக்கம் வருவோம். ஸ்ரீபெரும்புதூரில் 1991 மே 21 அன்று ராஜீவ் காந்தி இறந்தார், எல்லோருக்கும் தெரியும். அன்று அவரோடு காவலர்கள் இறந்தார்கள், கவிதை வாசிக்க வந்த ஒரு சிறுமி இறந்தாள். அவர்களில் ஒருவர் பெயரையாவது இந்த மண்டபத்தில் சொல்ல முடியுமா? கையைத் தூக்குங்கள்... 1998 பிப்ரவரி 14, கோயம்புத்தூர், 58 பேர். அதில் ஒரு பெயர்? நானும்தான் தூக்கவில்லை.

நடுகல்லில் பெயரும் பீடும் எழுதியவர்கள் நாம். கல்லைத் தேர்ந்தெடுப்பதிலிருந்து வாழ்த்துவது வரை ஆறு படி சொல்லிவைத்திருக்கிறது தொல்காப்பியம். இன்றைக்கு ஏழாவதாக ஒரு படி சேர்த்துவிட்டோம்: திறந்துவைத்தவர் பெயரை இறந்தவர் பெயரைவிடப் பெரிதாக வெட்டுவது. மாமன்ற உறுப்பினர் சிரிக்கிறார், நன்றி.

ஆனால் நமக்குச் சுமைதாங்கிக் கல் என்று ஒன்று உண்டு. பிள்ளைத்தாய்ச்சியாக ஒரு பெண் இறந்துபோனால், அவள் நினைவாகச் சாலையோரம் இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் குறுக்கே போடுவார்கள். தலைச்சுமையோடு வருகிறவர்கள் அடுத்தவர் கை தேடாமல் இறக்கிவைக்கலாம். அவள் இறக்கிவைக்க முடியாமல் போன சுமைக்குப் பதிலாக.

குடவாசல் போகிற வழியில் எங்கள் ஊர். இருபது வருஷத்துக்கு முன் சாலையை அகலப்படுத்த ஜேசிபி வந்தது. கூட வந்த மேற்பார்வைக்காரத் தம்பி, நல்ல பிள்ளை, கூலிங் கிளாஸ் போட்டிருந்தார். சுமைதாங்கியைக் காட்டி, "இது என்ன, வீடில்லாத வாசப்படி?" என்று கேட்டார். அந்த நேரம் பார்த்து மீன்காரம்மா வந்துவிட்டது. தலையில் அன்னக்கூடை, சேலை முழுக்கப் பனிக்கட்டித் தண்ணீர். வழக்கம்போல் கூடையை அந்தக் கல்லின் மேல் இறக்கிவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஜேசிபிக்கு முன்னால் காலை நீட்டி உட்கார்ந்தது பாருங்கள்! வெற்றிலைப் பையை வேறு பிரித்துவிட்டது. தம்பி கெஞ்சினார், அதட்டினார், செல்லில் யாரையோ கூப்பிட்டார். அது சுண்ணாம்பு தடவிக்கொண்டே, "கல்லு போனா கூடைய யாரு எறக்கி வைப்பா? நீயா?" என்றது. டிரைவர் பாவம், வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி, கூடையைத் தூக்கி அதன் தலையில் வைத்து, "போ ஆத்தா" என்றார். அது நாலடி போய்த் திரும்பி, "சரிடா தம்பி, நாளைக்கும் இதே நேரத்துக்கு வருவேன். நிப்பியா?" என்று கேட்டது.

கைதட்டுகிறீர்கள். அந்தக் கல்லை அன்று சாயந்திரமே பெயர்த்துவிட்டார்கள்.

இப்போது அது வாய்க்கால் கரையில் குப்புறக் கிடக்கிறது. துணி துவைக்கிறார்கள். போன மாதம் சோப்பு நுரையை வழித்துவிட்டுக் கையை விட்டுத் தடவிப் பார்த்தேன். ஓரம் உடைந்திருக்கிறது. "...யம்மாள் ஞாபகார்த்தம்" என்பது வரை விரலுக்குத் தட்டுப்படுகிறது. எந்த அம்மாள்? முன்பாதி போய்விட்டது.

நினைவிடம் கட்டப்போகும் பொறியாளர்களே, கோடி ரூபாய்க்குப் பளிங்கு வேண்டாம். பெயர்களைக் கைக்கு எட்டும் உயரத்தில் வெட்டுங்கள், அழிந்தால் திரும்ப வெட்ட ஆள் வையுங்கள். முன்னால் ஒரு சுமைதாங்கி நடுங்கள். கோவையிலிருந்து வருகிறவர் பையை வைக்கட்டும், கட்டுச்சோற்றை வைக்கட்டும். அதோடு டெல்டாவில் சாலைக்காகப் பிடுங்கிப்போட்ட சுமைதாங்கிகள் எத்தனை என்று ஒரு கணக்கெடுங்கள். ஆறு வருஷமாக மனு எழுதுகிறேன். மனுவை இறக்கிவைக்கத்தான் ஒரு கல் இல்லை.

துண்டுச்சீட்டு வந்துவிட்டது. மூன்றாவது விஷயம் பராமரிப்பு, அதை இன்னொரு கூட்டத்தில் பார்ப்போம். ஞாயிறு காலை ஆறு மணிக்கு அந்தக் கல்லைப் புரட்டப்போகிறோம். எட்டுப் பேர் வேண்டும். வடக்கயிறு என்னிடம் இருக்கிறது, டிராக்டர் வைத்திருப்பவர் யாராவது போகும்போது என்னைப் பாருங்கள். டீ என் செலவு. நன்றியுரை அய்யா, மைக் இந்தாருங்கள்.