நாலு மாதமாக ஆறாத வாய்ப்புண்

வணக்கம் நேயர்களே. போன வருடம் என்னிடம் வந்த ஒரு பெண்மணியைப் பற்றிச் சொல்கிறேன். நாற்பதைத் தாண்டிய வயது, நாலு மாதமாக வாயில் புண். உடம்புச் சூடு என்று நினைத்து மணத்தக்காளிக் கீரை சாப்பிட்டிருக்கிறார், அப்புறம் மருந்துக்கடையில் பி காம்ப்ளெக்ஸ், அப்புறம் பல் மருத்துவர் என்று சுற்றிவிட்டு, ரசம்கூட எரிகிறது, மோரும் வெறும் சோறும்தான் இறங்குகிறது என்ற நிலையில் வந்தார். முதுகில் ரவிக்கை உரசும் இடத்தில் இரண்டு கொப்புளம். தொட்டுப் பார்த்தால் விறைப்பாக இல்லை, தொளதொளவென்று இருந்தது. பக்கத்தில் நன்றாக இருந்த தோலை விரலால் லேசாக அழுத்தித் தள்ளினேன், அப்படியே வழுக்கிக்கொண்டு உரிந்து வந்தது.

பெம்ஃபிகஸ் வல்காரிஸ் என்று சொன்னேன். அவர் ஒரு கேள்வி கேட்டார்: "ரெண்டும் ஒரே நோய்னா, அது ஏன் டாக்டர் நாலு மாசம் வாயோட நின்னுச்சு?"

அருமையான கேள்வி. தோல் மருத்துவர்களே ரொம்ப காலம் பதில் தெரியாமல் இருந்த கேள்வி.

நம் மேல்தோலின் செல்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பது டெஸ்மோசோம் என்ற நுண்ணிய பொத்தான்களால். ரவிக்கையில் வைக்கும் பிரஸ் பட்டனை நினைத்துக்கொள்ளுங்கள், ஒரு பாதி இந்தச் செல்லில், மறுபாதி அடுத்த செல்லில். இரண்டும் சந்திக்கும் இடத்தில் கோத்துக்கொள்ளும் புரதத்தின் பெயர் டெஸ்மோக்ளீன். கால்சியம் இருந்தால்தான் பிடிக்கும் கேட்ஹெரின் என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. பெம்ஃபிகஸில் நம் உடம்பே இந்தப் புரதத்தை எதிரி என்று தப்பாக எடுத்துக்கொண்டு, அதைத் தாக்கும் ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதத்தைச் செய்கிறது. பொத்தான் கழன்றுவிடுகிறது, செல்கள் பிரிகின்றன, அந்த இடைவெளியில் நீர் கோத்துக்கொள்கிறது. நோயாளிகளின் ரத்தத்தில் இப்படி ஒரு ஆன்டிபாடி இருப்பதை 1964-இல் அமெரிக்காவில் பியூட்னரும் ஜோர்டனும் காட்டினார்கள். அது குறிவைப்பது ஒரு கேட்ஹெரினை என்பதை 1991-இல் அமகாய், ஸ்டான்லி குழுவினர் கண்டுபிடித்தார்கள்.

இனி அந்தப் பெண்மணியின் கேள்விக்கு வருவோம். டெஸ்மோக்ளீனில் பல வகை உண்டு, நமக்கு இங்கே வேண்டியவை 1, 3 என்ற இரண்டு. தோலில் 1 எல்லா அடுக்கிலும் இருக்கிறது, மேலே போகப் போக அதிகம். 3 அடியில் மட்டும். வாய்க்குள் நிலைமை வேறு, அங்கே முக்கால்வாசி வேலையைப் பார்ப்பது 3, ஒன்றாம் எண் பெயருக்குத்தான் இருக்கிறது. இப்போது உடம்பு 3-க்கு மட்டும் ஆன்டிபாடி செய்தால் என்ன ஆகும்? வாயில் தாங்கிப் பிடிக்க ஆள் இல்லை, புண் வந்துவிடும். தோலில் 1 இருக்கிறது, அது தாங்கிக்கொள்ளும். நாலு மாதம் கழித்து 1-க்கும் ஆன்டிபாடி வந்ததும் முதுகில் கொப்புளம். அவ்வளவுதான். ஒரு புரதம் விழும்போது இன்னொன்று சுமையை ஏற்றுக்கொள்கிறது என்ற இந்த விளக்கத்தைப் படித்த நாள் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது, அதுவரை மனப்பாடம் செய்து வைத்திருந்ததெல்லாம் அன்றைக்குத்தான் புரிந்தது.

இதற்கு இன்னொரு சாட்சி, குழந்தைகளுக்கு வரும் கொப்புள வகை இம்பெடிகோ. ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற கிருமியால் வருவது. அந்தக் கிருமி விடும் நச்சு டெஸ்மோக்ளீன் 1-ஐ மட்டும், ஒரே இடத்தில், கத்தரிக்கோல் போட்டதுபோல வெட்டுகிறது. நச்சு வெட்டுவது டெஸ்மோக்ளீன் 1-ஐ என்பதை அமகாய் குழுவினர் 2000-இல் காட்டினார்கள். அதனால்தான் அந்தக் குழந்தைகளுக்குத் தோலின் மேற்பகுதியில் கொப்புளம் வரும், வாய் நன்றாக இருக்கும்.

ஒன்று கவனியுங்கள், இம்பெடிகோ தொற்றும், பெம்ஃபிகஸ் தொற்றாது. அந்தப் பெண்மணிக்கு வீட்டில் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்திருந்தார்கள். கேட்டபோது எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. கணவரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, இது அவர் உடம்புக்குள்ளேயே நடக்கும் சண்டை, உங்களுக்கு வராது என்று இரண்டு தடவை சொன்னேன்.

ஸ்டீராய்டு வருவதற்கு முன் இந்த நோய் வந்தவர்களில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. உடம்பெல்லாம் உரிந்தவர்களைத் துணியில் படுக்க வைத்தால் ஒட்டிக்கொள்ளும் என்பதால் நம் ஊர் வார்டுகளில் வாழை இலை விரிப்பார்கள், இப்போதும் விரிப்பதுண்டு. 1980-களில் டெல்லி எய்ம்ஸில் டாக்டர் பஸ்ரிச்சா, ஸ்டீராய்டை மாதம் ஒருமுறை அதிக அளவில் மூன்று நாள் தொடர்ந்து ஏற்றும் பல்ஸ் முறையைக் கொண்டுவந்தார், நாடு முழுக்க ஏராளமானோர் அதனால் தப்பித்தார்கள். இப்போது ரிட்டுக்ஸிமாப் என்ற மருந்து இருக்கிறது. ஆன்டிபாடி செய்யும் செல்களாக மாறப்போகும் பி செல்களையே அது அழித்துவிடுகிறது. அமெரிக்காவில் 2018-இல் இந்த நோய்க்கு அனுமதி கிடைத்தது. விலை அதிகம், தொற்று வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும், சிலருக்கு நோய் திரும்பியும் வரும்.

வாய்ப்புண் மூன்று வாரத்துக்கு மேல் ஆறவில்லை என்றால் கீரையோடும் மாத்திரையோடும் நிறுத்திக்கொள்ளாதீர்கள், காட்டுங்கள். பெம்ஃபிகஸாக இல்லாமல் வேறு ஏதாவதாக இருந்தாலும் காட்ட வேண்டியதுதான். புண்ணின் ஓரத்திலிருந்து சின்னதாக ஒரு துணுக்கு எடுத்து, ஒளிரும் சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்ப்போம். பெம்ஃபிகஸ் என்றால் ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் பச்சைக் கோடு தெரியும், மீன்வலை விரித்த மாதிரி.

அந்தப் பெண்மணிக்கு முதுகு ஆறு வாரத்தில் ஆறிவிட்டது. வாய்க்குத்தான் அதிக நாள் ஆனது, பலருக்கும் அப்படித்தான். ஐந்தாவது மாதம் வந்தபோது, வீட்டில் எல்லோரோடும் உட்கார்ந்து ரசம் சாதம் சாப்பிடுவதாகச் சொன்னார்.