112 கோல் வாங்கிய டார்வென்

வணக்கம் நண்பர்களே. இன்றைக்கு இங்கிலாந்துக் கால்பந்து லீக்கிலிருந்து ஒரே ஒரு டீம், ஒரே ஒரு சீசன். டீம் பெயர் டார்வென். சீசன் 1891-92.

அந்த வருடத்துப் புள்ளிப் பட்டியலை நோட்டில் கையால் எழுதி வைத்திருக்கிறேன். இருங்கள், கேமராவுக்குக் கிட்டக் காட்டுகிறேன். மேலே சண்டர்லேண்ட், 42 புள்ளியோடு சாம்பியன். அப்படியே கீழே வாருங்கள். கடைசி வரி, 14ஆவது இடம், பென்சிலில் கோடு போட்டிருக்கிறேன் பாருங்கள், அதுதான் டார்வென். 26 ஆட்டத்தில் 4 வெற்றி, 3 டிரா, 19 தோல்வி. அடித்த கோல் 38, வாங்கிய கோல் 112. ஜெயித்தால் 2 புள்ளி என்ற காலம் அது, ஆக மொத்தம் 11 புள்ளி.

அந்த 112-ஐப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகிறவர்களே அதிகம். எனக்கு அது மனசு ஒப்பவில்லை. அதற்காகத்தான் இந்த வீடியோ.

டார்வென் லங்காஷையரில், பிளாக்பர்னை ஒட்டியிருக்கிற சின்ன ஊர். பஞ்சாலை ஊர். அங்கே இன்றைக்கும் நிற்கிற ஒரு புகைபோக்கி சுமார் 300 அடி உயரம். அந்த ஆலையின் பெயரே இந்தியா மில். அப்புறம், ஆலைத் தொழிலாளிப் பெண்கள் சூழ்ந்து நின்று ஆரவாரம் செய்ய, நடுவில் காந்தி சிரித்துக்கொண்டு நிற்கும் படம் ஞாபகம் இருக்கிறதா? 1931 செப்டம்பரில் இதே டார்வெனில் எடுத்தது. அந்நியத் துணி பகிஷ்காரத்தால் அடிபட்ட தொழிலாளிகளை நேரில் பார்க்கப் போயிருந்தார்.

சரி, கால்பந்துக்கு வருவோம். 1879இல் எஃப்.ஏ. கோப்பை என்ற நாக்-அவுட் போட்டியின் கால் இறுதியில் இந்த ஊர்ப் பையன்கள் லண்டன் போனார்கள். எதிரே ஓல்டு ஈட்டோனியன்ஸ், பெரிய இடத்துப் பிள்ளைகளின் டீம். ஆட்டம் முடிய கால் மணி நேரம் இருக்கும்போது ஸ்கோர் 5-1. அங்கிருந்து நான்கு கோல் அடித்து 5-5 ஆக்கினார்கள்! கூடுதல் நேரம் ஆடலாம் என்று டார்வென் கேட்டது, எதிர்த்தரப்பு ஒத்துக்கொள்ளவில்லை. மறுபடி லண்டன் போக வேண்டும், ரயில் செலவுக்குக் காசில்லை. ஊரே வசூல் செய்து அனுப்பியது. அது 2-2. மூன்றாவது முறையும் போய் 6-2 என்று தோற்றார்கள். அந்த வருடம் கோப்பையைத் தூக்கியதும் ஈட்டோனியன்ஸ்தான்.

அந்த டீமில் ஃபெர்கஸ் சூட்டர் என்று ஒருவர். கிளாஸ்கோவிலிருந்து வந்த கல்தச்சர். காசு வாங்கிக்கொண்டு கால்பந்து ஆடிய முதல் ஆட்களில் ஒருவராக அவரைச் சொல்வார்கள். 1880இல் பக்கத்து ஊர் பிளாக்பர்ன் ரோவர்ஸ் அவரை இழுத்துக்கொண்டது. டார்வென் கண்டெடுப்பதும், வசதியான டீம் கொண்டுபோவதும் அன்றைக்கே தொடங்கிவிட்டது. எனக்கு ஆற்றாமையாக இருப்பது இந்த இடத்தில்தான்.

1888இல் லீக் 12 டீமோடு தொடங்கியபோது டார்வெனுக்கு இடமில்லை. 1891இல் லீக்கை 14 ஆக்கியபோதுதான் உள்ளே வந்தது.

இப்போது அந்த 1891-92 சீசனின் ஒரு ஆட்டம். 1892 ஏப்ரல் 4, திங்கட்கிழமை, ஸ்டோனி லேன் மைதானம். வெஸ்ட் பிராம்விச் ஆல்பியன் 12, டார்வென் 0. முதல் டிவிஷனில், அதாவது லீக்கின் மேல்மட்டத்தில், இதைவிடப் பெரிய வெற்றி இன்றுவரை கிடையாது. 1909இல் லெஸ்டர் ஃபாஸை நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் அதே 12-0இல் அடித்து சமன் செய்தது, அவ்வளவுதான்.

ஆல்பியன் அப்போதுதான் எஃப்.ஏ. கோப்பையை வென்று வந்திருந்தது. ஆனால் லீக்கில் அதன் இடம் 12, மொத்த சீசனிலும் 6 வெற்றிதான்! அப்படிப்பட்ட டீமிடம் பன்னிரண்டு.

நான் நினைத்துப் பார்ப்பது அந்த கோல்கீப்பரைத்தான். அன்று கீப்பருக்கென்று தனி நிறச் சட்டை கிடையாது, மற்ற பத்து பேரும் போட்டிருக்கிற அதே சட்டைதான். கோலுக்கு வலை கட்டுவது அப்போதுதான் புதிதாக வந்திருந்த காலம். வலை இல்லாவிட்டால் பந்து பின்னால் எங்கோ ஓடும், யாராவது எடுத்து வர வேண்டும். ஒவ்வொரு கோலுக்கும் பிறகு பந்து நடுக்கோட்டுக்குப் போகும், டார்வென்தான் உதைத்துத் தொடங்க வேண்டும். பன்னிரண்டு தடவை.

சீசன் முடிந்ததும் புதிதாக உருவான இரண்டாம் டிவிஷனுக்குப் போனது டார்வென். முதல் டிவிஷனிலிருந்து கீழே இறங்கிய முதல் டீம். அதோடு கதை முடிந்தது என்று நினைப்பீர்கள். இல்லை! அடுத்த வருடமே மூன்றாவது இடம் பிடித்து, டெஸ்ட் மேட்ச் என்ற தகுதி ஆட்டத்தில் நாட்ஸ் கவுண்டியை 3-2இல் சாய்த்து மறுபடி மேலே ஏறியது. லீக்கைத் தொடங்கிய 12 டீமில் ஒன்று நாட்ஸ் கவுண்டி. 112 கோல் வாங்கிய டீம் அதைத் தோற்கடித்துத் திரும்பி வந்தது. இந்த வரியை நோட்டில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன், தெரிகிறதா?

ஒரே வருடத்தில் ஸ்மால் ஹீத்திடம் 3-1 என்று தோற்று மறுபடி இறங்கினார்கள், 1899இல் லீக்கை விட்டே போனார்கள். அந்த ஸ்மால் ஹீத் பிற்பாடு பர்மிங்ஹாம் சிட்டி ஆனது. அடுத்த வீடியோ அவர்களைப் பற்றித்தான்.