மும்பைச் சம்பளத்தில் இருநூறு ரூபாய்

நேயர்களுக்கு வணக்கம்.

மும்பையில் மாதச் சம்பளம் வாங்கும் நம்மவர்கள் பலருடைய சம்பளச் சீட்டில் ‘பி.டி.’ என்று ஒரு பிடித்தம் இருக்கும். தொழில் வரி. மாதம் 200 ரூபாய், பிப்ரவரியில் மட்டும் 300. ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் வசூலிக்க அரசியலமைப்புச் சட்டத்தில் இடமில்லை. கணக்குப் பார்க்க என்னிடம் வருகிறவர்கள், “இது எதுக்கு சார்?” என்று சலித்துக்கொள்வார்கள். அது எதற்காகப் பிறந்தது என்பதைத்தான் இன்று பேசப் போகிறேன்.

1972ல் மகாராஷ்டிரத்தில் கடும் வறட்சி. நிவாரண வேலையாக ஜல்லி உடைத்தார்கள், சாலைக்கு மண் சுமந்தார்கள், குளம் வெட்டினார்கள். அந்தக் காலத்தைப் பற்றிப் பேசினால் மராட்டியப் பெரியவர்கள் வாயில் இரண்டு பெயர் தவறாமல் வரும். ஒன்று ‘மிலோ’, வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்த சிவப்புச் சோளம். இன்னொன்று ‘சுகடி’, வேலைத்தளத்தில் கொடுத்த சத்துணவு.

கேட்டவருக்கு வேலை தரவேண்டும் என்ற யோசனை அதற்கும் முந்தியது. சட்ட மேலவைத் தலைவராக இருந்த வி. எஸ். பாகே 1965லேயே சாங்லி மாவட்டத்தில் அதைச் சோதித்துப் பார்த்திருந்தார். வறட்சியில் அது மாநிலம் முழுக்கப் பரவி, 1977ல் சட்டமானது. எழுதிக் கேட்டால் 15 நாளுக்குள் வேலை. அதற்குப் பணம்? 1975லேயே நகரத்துச் சம்பளக்காரர்கள் மேல் தொழில் வரி போட்டாயிற்று. வசூலாகும் தொகைக்கு ஈடாக அரசும் தன் பங்கைப் போடவேண்டும். அந்தப் பணம் செலவாகாமல் தேங்கிய ஆண்டுகளும் உண்டு, அது வேறு வயிற்றெரிச்சல்.

ஊரில் உங்கள் சித்தியோ மதினியோ போய்வந்த ‘நூறு நாள் வேலை’, 2005ல் வந்த மத்திய அரசுச் சட்டம். அதற்கு முன்னோடி இந்த மகாராஷ்டிரத் திட்டம்தான்.

ஆனால் கூலி கொடுத்தால் அடுப்பு எரியும், ஊர் வளருமா? வேலை முடிந்தபின் தரையில் என்ன நிற்கிறது என்று பார்க்கவேண்டும். 1990 வாக்கில் இந்த மாநிலம் வேலைத் திட்டத்தைப் பழத்தோட்டத்தோடு இணைத்தது. சிறு விவசாயி தன் நிலத்திலேயே மா, முந்திரி, மாதுளை நட, கூலியைத் திட்டமே கொடுத்தது. கூலி நின்றாலும் மரம் நிற்குமே!

முன்பு அகமதுநகர் என்றிருந்த அகில்யாநகர் மாவட்டத்து ஹிவ்ரே பஜார் கிராமம் இன்னொரு பாடம். மழை மறைவுப் பிரதேசம். பிழைப்புக்காக வெளியூர் போனவர்கள் ஏராளம். பொபட்ராவ் பவார் ஊர்த்தலைவரான பிறகு, அரசுத் திட்டப் பணத்திலேயே குன்றுச் சரிவில் வரப்பு வெட்டித் தண்ணீரைத் தேக்கினார்கள். பலரும் கவனிக்காதது அதன் பிறகு நடந்ததைத்தான். பாசனத்துக்கு ஆழ்குழாய்க் கிணறு கூடாது, கரும்பு கூடாது, வாழை கூடாது என்று ஊரே கூடித் தடை போட்டது. ஆண்டுதோறும் மழையையும் நிலத்தடி நீரையும் கணக்குப் பார்த்துத்தான் என்ன பயிர் என்று முடிவு செய்கிறார்கள். போன குடும்பங்கள் பல திரும்பி வந்தன. தண்ணீர் இருந்தால் மாடு, மாடு இருந்தால் பால், பால் இருந்தால் வாரந்தோறும் கையில் காசு. ஆலை வரும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை.

கோடை விடுமுறைக்கும் கோயில் கொடைக்கும் நம்மில் பலர் ஊருக்குப் போகிறோம். மே 1ஆம் தேதி தமிழ்நாட்டில் கிராமசபை கூடும். இந்த ஆண்டு எந்தக் கண்மாய், எந்த வாய்க்கால், எவ்வளவு செலவு என்று அங்கே கேளுங்கள். போன ஆண்டு வெட்டியது மழையில் தூர்ந்துவிட்டதா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். வணக்கம்.