‘எலிசபெத்’ ஏன் லண்டனில் ஏறவில்லை? – சந்தேகமும் விளக்கமும்

போன முறை வந்த ஒரு கேள்விக்கு நேரம் இல்லாமல் விட்டுவிட்டேன். ஆனால் கேள்வி என்னை விடவில்லை. அது இதுதான்: “வியன்னாவின் ‘எலிசபெத்’ மிகவும் கொண்டாடப்பட்ட இசை நாடகம். ஜப்பான், தென்கொரியா எல்லாம் போனது. பெரிய நாடக அரங்குகள் நிறைந்த லண்டன் வெஸ்ட் எண்டிலும் நியூயார்க் பிராட்வேயிலும் மட்டும் ஏன் மேடையேறவில்லை? தரத்தில் குறையா?”

தரத்தில் ஒரு குறையும் இல்லை. பணம் ஒரு காரணம், மறுக்கவில்லை. 1992இல் அதைத் தயாரித்த வியன்னா நிறுவனம் நகராட்சி மானியம் பெறுவது. பிராட்வேயில் தனியார் முதலீடு, போட்ட காசு டிக்கெட்டில் திரும்பியாக வேண்டும். சரி, அது கணக்குப்பிள்ளை பார்க்க வேண்டிய விஷயம்.

தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு நான் சொல்லிச் சொல்லித் தேய்ந்த விஷயம் ஒன்று உண்டு: நாடகத்தில் பாதிதான் மேடையில் இருக்கிறது, மறுபாதியைப் பார்க்க வருகிறவர் மடியில் முடிந்துகொண்டு வருகிறார். மறுபடியும் ஆரம்பித்துவிட்டார் என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள், இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது.

எலிசபெத் யார்? ஆஸ்திரியப் பேரரசி, ‘சிஸ்ஸி’. 1950களில் வந்த திரைப்படங்கள் அவரைச் சர்க்கரைப் பொம்மையாக்கிவிட்டன. வியன்னாவில் சாக்லேட் பெட்டியிலும் கோப்பையிலும் அவர் முகம்தான். நாடகத்தில் கதை சொல்வது யார் தெரியுமா? 1898இல் ஜெனீவாவில் அவரைக் கொன்ற லுகேனி! இரண்டாம் பாகத்தின் தொடக்கத்தில் அவனே நினைவுப் பொருள் விற்கிறவனாக வந்து, இந்தச் சிஸ்ஸி மோகத்தைக் கிண்டலடித்துப் பாடுகிறான். வியன்னாக்காரருக்கு அது சுரீர் என்று தைக்கும், ஏனென்றால் அந்தக் கோப்பை அவர் வீட்டு அலமாரியில் இருக்கிறது. அந்தச் சர்க்கரைப் பொம்மையையே பார்த்திராதவர் முன்னால் அதைப் போட்டு உடைத்து என்ன பயன்?

இந்த இடத்தில் விக்டர் ஹ்யூகோவின் பிரெஞ்சு நாவலிலிருந்து வந்த ‘லே மிசரபிள்’ இசை நாடகம் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. 1980இல் பாரிசில் முதலில் மேடையேறியபோது, கதாநாயகன் ழான் வல்ஜான் சிறையிலிருந்து வருவது, பாதிரியாரின் வெள்ளிப் பாத்திரங்களைத் திருடுவது எதுவுமே மேடையில் கிடையாது. கதை நேராகத் தொழிற்சாலையில் தொடங்கியது. பிரெஞ்சுக்காரருக்கு ஹ்யூகோவின் கதையை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 1985இல் லண்டனுக்கு வந்தபோதுதான் அந்த முன்கதையைச் சேர்த்தார்கள். வல்ஜானின் பிரார்த்தனைப் பாட்டும் லண்டனுக்காகவே புதிதாக எழுதப்பட்டது. அதாவது மடியில் ஒன்றும் இல்லாமல் வந்தவருக்கு, அந்த மறுபாதியையும் மேடையிலேயே கட்டிக் கொடுத்தார்கள். வேடிக்கை என்னவென்றால், இந்தப் புது வடிவம் 1991இல் பாரிசுக்கே திரும்பிப் போனது. சில மாதங்கள்தான் ஓடியது.

அப்புறம் என் சொந்தக் கதை ஒன்று. சுவீடனில் 1995இல் மால்மோ நகரில் ‘கிறிஸ்டினா’ என்று ஓர் இசை நாடகம் வந்தது. ‘அப்பா’ (ABBA) என்ற சுவீடன் பாப் இசைக் குழுவின் பென்னியும் பியோர்னும் செய்தது. பஞ்சத்தால் அமெரிக்காவின் மினசோட்டாவுக்குக் குடிபெயரும் ஏழைக் குடும்பத்தின் கதை. முதலில் ஒலித்தட்டில்தான் கேட்டேன். சுவீடிஷ் ஒரு சொல் தெரியாது. கடைசிப் பாகத்தில் அந்தக் குடும்பத்துப் பெண் கிறிஸ்டினா கடவுளோடு சண்டை போடும் பாட்டில் கண் கலங்கிவிட்டது. பிறகு ஆங்கில வரிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டேன், கலங்கவில்லை! அர்த்தம் புரிந்ததும் பாட்டு சற்றுச் சிறுத்துப் போன மாதிரி இருந்தது. மொழிபெயர்ப்பில் தப்பு இல்லை. சந்தம் இருந்தது, எதுகைகூட இருந்தது. இந்தக் கதைக்கு மூலமான வில்ஹெல்ம் மூபெரியின் நாவல்களைப் படித்து வளர்ந்த சுவீடன்காரருக்கு அவள் சொந்தப் பாட்டி மாதிரி. எனக்கு அவள் அறிமுகமே அன்றுதான். 2009இல் நியூயார்க் கார்னகி ஹாலில் ஆங்கிலத்தில் கச்சேரியாகப் பாடினார்கள். பிராட்வேயில் நாடகமாக ஏறவே இல்லை. கதையில் பாதி அமெரிக்காவில்தான் நடக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள்.

உண்மையில் நீங்கள் கேட்டிருக்க வேண்டியது, போன நாடகங்கள் எப்படிப் போயின என்பதுதான். கேட்டதாகவே வைத்துக்கொள்கிறேன். ‘எலிசபெத்’ ஜப்பானுக்கு அப்படியே போகவில்லை. 1996இல் அதை எடுத்துச் செய்தது தகராசுகா, பெண்கள் மட்டுமே நடிக்கும் குழு. அங்கே ஆண் வேடம் போடும் நாயகிக்குத்தான் முதல் இடம். ஆகவே பேரரசியைக் காதலிக்கும் ‘மரணம்’ என்ற பாத்திரம் கதையின் நடுவுக்கு வந்தது, அதற்கென்று புதுப் பாட்டும் சேர்ந்தது. சிஸ்ஸியைத் தெரியாத ரசிகர்களுக்கு அந்த ஆண் வேட நாயகியை நன்றாகத் தெரியும். மடியில் வேறொன்று இருந்தது, அதற்கு ஏற்ப நாடகம் வளைந்தது. வளைத்தால் எப்போதும் பலிக்கும் என்றும் இல்லை. அதே வியன்னாவின் ‘காட்டேரிகளின் நடனம்’ 2002இல் பிராட்வேயில் நகைச்சுவையாக மாற்றப்பட்டு, 56 காட்சிகளில் மூடப்பட்டது.

எனக்குப் பிடித்த உதாரணம் பெர்லினின் ‘லைன் 1’. 1986, கிரிப்ஸ் தியேட்டர். காதலனைத் தேடி மேற்கு பெர்லினுக்கு வரும் பெண், அவள் சுற்றும் சுரங்க ரயில், அதில் ஏறி இறங்கும் மனிதர்கள், அவ்வளவுதான் கதை. அதில் நாஜிக் காலத்து அதிகாரிகளின் விதவைகள் மிடுக்காக வந்து பாடுவார்கள். இதை எந்த ஊருக்குக் கொண்டுபோவது? கிம் மின்-கி என்ற கொரியக் கலைஞர் 1994இல் சியோலுக்குக் கொண்டுபோனார். ரயில் சியோலின் முதல் தடத்தில் ஓடியது. வந்திறங்கிய பெண் சீனாவின் யான்பியனைச் சேர்ந்த கொரிய வம்சாவளிக்காரி. விதவைகளின் இடத்தில் கங்னம் பகுதியின் பணக்காரச் சீமாட்டிகள். 2008 வரை 4,000 காட்சிகள். ஆயிரம் காட்சிகளைத் தாண்டியபோது, ஜெர்மன் தரப்பு ராயல்டியே வேண்டாம் என்று விட்டுக்கொடுத்தது.

சரி, அடுத்த கேள்விக்குப் போவோம்.